குழி திறக்கும் பட்டியல்

புதிதாகப் போதகர் அங்கி போட்டிருக்கும் உங்களுக்கு அடக்க ஆராதனை பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஆள் அனுப்பினார்கள். எந்த ஜெபத்தை எப்போது சொல்ல வேண்டும், மண்ணை எத்தனை முறை போட வேண்டும் என்பதெல்லாம் உங்களிடம் இருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதினால் என் நேரமும் போகும், உங்கள் நேரமும் போகும். அதனால் நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். அதை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு தமிழ்ச் சபையில் ஐந்து ஆண்டு போதகராக இருந்தேன். சபையின் பெயர் இங்கே வேண்டாம். தமிழ்ச் சபை என்று பெயர்தான். பெரியவர்கள் தமிழில் பாடுவார்கள், பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு மலையாளத்தில் கிசுகிசுப்பார்கள். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டம். தோட்டம் என்று நாம் மரியாதைக்குச் சொல்வதுதான். பெரிய வீட்டின் முற்றம் அளவு இடம், அவ்வளவே.

இடம் இல்லாத ஊரில் செத்தவர்களும் நெருங்கித்தான் படுக்க வேண்டும். குடும்பக் கல்லறை கட்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களைப் பொதுமண்ணில் அடக்குவோம். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் குழியைத் திறந்து, மிஞ்சியிருக்கும் எலும்புகளை எடுத்து, மதில் ஓரத்தில் இருக்கும் அஸ்திக்குழியில் இறக்கிவிட்டு, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம். அஸ்திக்குழி என்றால் கிணறு மாதிரி ஆழமாக வெட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்ட பொதுக்குழி. கேரளத்துச் சபைகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. உங்களில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் ஒரு மாதிரியாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு வருடத்தில் பழகிவிட்டது. பழகிப் போனதுதான் பிரச்சினையே.

எனக்கு முன்னால் அந்தச் சபையில் இருந்த போதகர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் இரண்டு தடவை சொன்னார். குழி திறக்கும் நாளில் போதகர் அங்கே நிற்க வேண்டும், ஒவ்வொருவரையும் தனித்தனி வெள்ளைத் துணியில் கட்டி, பெயர் சொல்லி ஜெபித்து இறக்க வேண்டும். சரி ஐயா என்று தலையை ஆட்டினேன். முதல் மூன்று ஆண்டு நின்றேன். நான்காவது ஆண்டு நிற்கவில்லை.

அந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலத்துக்கு முன்னால், செயலர் பால்ராஜ் சார் ஒரு தாளைக் கொண்டுவந்தார். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்பு அவர் கையில் இருந்தால் அழகாக இருக்கும். ஆறு குழி திறக்க வேண்டும், ஆறு பெயர், கீழே என் கையெழுத்து. மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தாயிற்று, நோட்டீஸ் பலகையிலும் ஒட்டியாயிற்று, யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை என்றார். நான் பெயர்களைப் படித்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது. பேனா எழுதாமல் மக்கர் செய்ததுகூட நினைவிருக்கிறது.

குழி திறந்த நாளன்று எனக்கு வேறு ஊரில் ஒரு மீட்டிங். போகாமல் இருந்திருக்கலாம். அதில் என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மதியச் சாப்பாட்டில் மீன் நன்றாக இருந்தது. எங்கள் கோயில்குட்டி ஏசுவடியான் அண்ணன், மணி அடிப்பதிலிருந்து குழி வெட்டுகிறவர்களை மேய்ப்பது வரை எல்லாம் பார்க்கிறவர், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். வந்த கூலியாட்கள் ஆறு குழியையும் திறந்து, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் வாரி, அஸ்திக்குழியில் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் சொல்லிக் கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

பிறகு ஈஸ்டர் வந்தது. விடிவதற்கு முன் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி, பூ. அன்றைக்கு நான் செய்த பிரசங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மரணத்தால் கட்டிப்போட முடியாதது தேவ அன்பு ஒன்றுதான், குமாரனைக் குழியில் விட்டுவிடாத அந்த அன்பு உன்னையும் விடாது, கல்லைப் புரட்டியது பலமல்ல, அன்பு என்று அடுக்கிக்கொண்டே போனேன். மைக் வேறு அன்றைக்கு ஒத்துழைத்தது. மூன்று பேர் கையைப் பிடித்து, நல்ல செய்தி ஐயா என்றார்கள்.

பதினொன்றரை மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்பது நாள் கறி தொடாதவன் நான். போதகர் வீடான பார்சனேஜிலிருந்து ஆட்டுக்கறி வாசம் வந்துகொண்டிருந்தது. அலுவலக அறையைப் பூட்டப் போகும்போது ஏசுவடியான் அண்ணன் வந்து, தோட்டத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள், நீங்கள் வர வேண்டும் என்றார். அவர் முகம் சரியில்லை.

அவள் பெயர் செல்லபாய். பொன்முடியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள். ஐம்பது வயது இருக்கும். கணவன் எப்போதோ இறந்துவிட்டான். ஒரே மகள் ஷீபா. பத்தொன்பது வயதில் நகரத்துக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள், மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டிருந்ததால் உடலை மேலே கொண்டுபோக வழியில்லை. நான் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால், அப்போதிருந்த போதகர் இரக்கப்பட்டு நம் பொதுமண்ணில் இடம் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முதல் பஸ் பிடித்து அவள் இறங்கி வருவாள். வந்து சேரும்போது ஆராதனை முடிந்து எல்லோரும் போயிருப்பார்கள். பூ வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விடுவாள். எங்கள் அறிவிப்பும் நோட்டீஸ் பலகையும் அவளை எப்படிப் போய்ச் சேரும்? அடக்கப் பதிவேட்டில் அவள் முகவரி இருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் வந்திருப்பாள்.

மகள் படுத்திருந்த இடத்தில் ஈரம் காயாத புது மண். மேலே வேறொரு பெயர் எழுதிய சிலுவை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் மஞ்சள் செவ்வந்தியும் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கும்பிட்டாள்.

"ஐயா, எம் பிள்ளைய எங்க கொண்டு வச்சிருக்கிய?"

காலையில் அதே தோட்டத்தில், அதே இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான், விடியலில் ஆண்டவரின் கல்லறைக்கு வந்து கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டு அழுத பெண்ணைப் பற்றி நான் பிரசங்கித்திருந்தேன்.

அந்த மாதிரி நேரத்தில் நம் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிடுவோம். அஸ்திக்குழியைக் கையால் காட்டிவிட்டு நானும் ஆரம்பித்தேன். எலும்பு வெறும் கூடுதான் அம்மா, கடலில் செத்தவர்களும் நெருப்பில் செத்தவர்களும்கூட எழுந்திருப்பார்கள், உண்டாக்கினவருக்கு மறுபடியும் உண்டாக்கத் தெரியாதா, எந்தக் குழியில் இருந்தாலும் அவர் அன்பு தேடிக் கண்டுபிடிக்கும் என்றேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எல்லாம் நாம் அறிக்கையிடுகிற விசுவாசம்தான். ஆனால் தப்புச் செய்தவன் அந்தத் தப்பை மூடுவதற்குச் சொல்லும்போது அந்த உண்மையே கெட்டுப் போகிறது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். முடித்ததும் நிதானமாகச் சொன்னாள்.

"அவ எந்திரிப்பான்னு எனக்குத் தெரியும்யா. அதுல சந்தேகமில்ல. எந்திரிக்கும்போது பக்கத்துல யாருன்னு தெரியாம முழிப்பாளே. பஸ்ஸுல தெரியாத ஆளு பக்கத்துல உக்கார மாட்டா. நின்னுக்கிட்டே வருவா. அப்படிப் பிள்ள அது."

எலும்பைக் கொடுங்கள், மேலே எஸ்டேட் கல்லறையில் அவ அப்பா பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். கொடுக்காமல் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. மதில் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். அது சொன்னதைவிடப் பெரிசு.

யாரோ சொல்லி பால்ராஜ் சார் வந்து சேர்ந்தார். மனிதர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"ஐயரே, இது பத்திரத்திலெல்லாம் வந்தா பெரிய பிரஸ்னமாகும், கேட்டியளா. மேல கெடக்கிறதில கொஞ்சம் எடுத்து வெள்ளத் துணியில கெட்டிக் கொடுத்திரலாம். அவளுக்கும் சமாதானம், நமக்கும் சமாதானம். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஐயர் என்று அவர் சொன்னது போதகரான என்னை, பத்திரம் என்றது செய்தித்தாளை. நான் யோசித்தேன். யோசித்தேன் என்ன, சம்மதித்தேன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் இரக்கம். அந்தத் தாய் நிம்மதியாக மலையேறட்டும், எல்லாம் ஒரே மண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம். கொஞ்சம் பசியும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஏசுவடியான் அண்ணன் மூடியை நகர்த்தினார். அவருக்கு இதில் சம்மதமில்லை. என் முகத்தைப் பார்க்காமலே ஒரு சின்ன மூட்டையைக் கட்டி என் கையில் கொடுத்தார். எடையே இல்லை. அதை எடுத்துக்கொண்டு செல்லபாய் முன்னால் போய் நின்றேன். அவள் எழுந்து, முந்தானையை விரித்து இரண்டு கையிலும் ஏந்தினாள். வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்.

"இது ஷீபாதானா ஐயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள். நான் போதகர், அவள் கொழுந்து பறிக்கிறவள், நம்பாமல் என்ன செய்வாள்? அந்த விரித்த முந்தானையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. இதில் என் யோக்கியதை ஒன்றும் இல்லை. அவள் கேட்காமல் வாங்கியிருந்தால் நான் கொடுத்து அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தெரியாது அம்மா என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை, மீட்டிங்குக்குப் போனதை, ஆறு பேரும் ஒரே சாக்கில் போனதை, இப்போது ஏமாற்றப் பார்த்ததை. பால்ராஜ் சார் பின்னால் நின்று இருமினார். நான் நிறுத்தவில்லை.

அவள் முந்தானையை இறக்கவில்லை. மூட்டையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆண்டவரு அவளை மறக்கமாட்டாருன்னு நீங்க எல்லாரும் சொல்லுவிய. நானும் நம்புறேன். நீங்க மறந்துட்டியளே. அவரு மறக்கலேன்னு நான் யாரு முகத்தப் பாத்து நம்பணும்?"

முப்பத்தைந்து வருட ஊழியத்தில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இந்த ஒரு கேள்வியின் பக்கத்தில் நிற்காது. தேவ அன்பு சாவைவிடப் பெரிது என்று நாம் சொல்கிறோம். கேட்கிறவள் அதை எங்கே பார்ப்பாள்? நாம் குழியோரத்தில் நிற்பதில் பார்ப்பாள், ஒரு கார்டு எழுதிப் போடுவதில் பார்ப்பாள். அங்கே பார்க்கவில்லையென்றால் பிரசங்கத்தைக் கேட்டு நம்பு என்று அவளைக் கட்டாயப்படுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பிறகு அவள் மூட்டையை வாங்கினாள். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கி ஏசுவடியான் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இருந்த இடத்திலேயே வைங்கண்ணே. வேற யாரு பெத்த பிள்ளையோ. அவங்கம்மா தேடிக்கிட்டு வந்தா இங்கதான வருவா."

அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதார். குழி வெட்டுகிற இடத்திலேயே காலம் கழித்த மனிதர். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. ஷீபா பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்றாள்.

பதிவேடுகளை எடுத்துவந்தேன். பழையவை மூன்று, செல்லரித்தது ஒன்று. குழி திறந்த பட்டியல் ஒவ்வொன்றாகப் பார்த்து, அஸ்திக்குழியில் இறங்கியவர்களின் பெயரை மதில் ஓரம் நின்று சத்தமாகப் படித்தேன். நூறுக்கு மேல் இருக்கும். இதற்கு முன்னால் யாரும் அப்படிப் படித்ததில்லை. வெயில் ஏறியது. பால்ராஜ் சார் குடை கொண்டுவந்து, எனக்குப் பிடிக்காமல் அவளுக்குப் பிடித்தார். பாதி போகும்போது மரகதம் என்று ஒரு பெயர் வந்தது, தகப்பன் பெயர், தெருவின் பெயரோடு. அது எங்க சித்தி, தூக்கி வளர்த்தவ, இங்கேயா கெடக்கிறா என்றார் பால்ராஜ் சார். யார் என்று பார்க்காமல் அவர் கையாலேயே ஒரு காலத்தில் கோப்பு போட்டு இறக்கிய பெயர்தான் அது. அதற்குப் பிறகு அவர் சபையின் நல்ல பெயரைப் பற்றிப் பேசவில்லை.

ஷீபாவோடு ஒரே சாக்கில் போன ஐந்து பேரைப் பற்றி மட்டும் செல்லபாய் விவரம் கேட்டாள். ஏசுவடியான் அண்ணனுக்கு எல்லோரையும் தெரியும். ஒருவர் கிழக்கேகோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், சில்லறைக்குச் சண்டை போடாத ஒரே கண்டக்டர். ஒன்று பிறந்து எட்டு நாளில் போன குழந்தை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசாத அண்ணன் தம்பி. அதைச் சொன்னபோது அவள் லேசாகச் சிரித்தாள். ஐந்தாவது, ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எஸ்தர் டீச்சர். புதிதாக வருகிற பிள்ளை பயந்து அழுதால் மடியில் உட்கார வைத்துக்கொண்டேதான் பாடம் நடத்துவாளாம்.

"அப்பச் சரி," என்றாள் செல்லபாய்.

பையிலிருந்த பூவை மூடியின் மேல் முழுவதும் பரப்பினாள். மெழுகுவர்த்தியை நடுவில் வைத்தாள். அந்த வெயிலில் அது எரிவதே தெரியவில்லை. பார்சனேஜுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தோம். பஸ்ஸுக்கு பால்ராஜ் சார் தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த ஈஸ்டரிலிருந்து அந்தச் சபையில் பெயர்களைப் படிக்கிறார்கள். விடியற்காலையில் இல்லை, மதியம், மலையிலிருந்து வரும் பஸ் வந்த பிறகு. அவளுக்காக நேரத்தை மாற்றியவர் பால்ராஜ் சார். நான் பிறகு மாற்றலாகிப் போய்விட்டேன்.

ஓய்வு பெற்றுத் திருவனந்தபுரத்துக்கே திரும்பி வந்திருக்கும்போது, போன மழைக்காலத்தில் செல்லபாய் இறந்துவிட்டாள் என்று போன் வந்தது. மலைப்பாதை திறந்திருந்தது. எஸ்டேட் கல்லறையில் கணவன் பக்கத்தில் இடமும் இருந்தது. ஆனால் அவள் லயத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், கீழே கொண்டுபோக வேண்டும், நகரத்துச் சபையின் பொதுமண்ணில் வைக்க வேண்டும் என்று. அங்கே வைத்தால் குறிப்பிட்ட காலம் கழித்துக் குழியைத் திறந்து அஸ்திக்குழியில் இறக்குவார்கள், ஷீபா இருக்கும் இடம் அதுதானே என்று கணக்காகச் சொன்னாளாம். சபையில் அவள் அங்கத்தினர் இல்லை, விதிப்படி இடம் கொடுக்க முடியாது என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். எண்பது வயது பால்ராஜ் சார் தடியை ஊன்றி எழுந்து நின்று, விதி எழுதினது நான்தான், நானே சொல்றேன், கொடுக்கலாம் என்றார். இப்போதைய போதகரோடு நானும் குழியோரத்தில் நின்றேன். பேசச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செல்லபாய்க்கு வேறு பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அவள் பெயர் அந்தப் பட்டியலில் வரும். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன், பால்ராஜ் சாரும் இருக்க மாட்டார். ஏசுவடியான் அண்ணன் ஏற்கெனவே போய்விட்டார். உங்களில் ஒருவர் அந்தச் சபையில் போதகராக இருப்பீர்கள், தாளில் கையெழுத்துப் போடுவீர்கள். நோட்டீஸ் ஒட்டினாலும் அவளுக்காக வர ஆள் கிடையாது. அதனால் அன்றைக்கு எந்த மீட்டிங் இருந்தாலும் விட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். அவளைத் தனித் துணியில் கட்டச் சொல்லுங்கள். இறக்கும்போது அவள் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்தில் வருவது யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.